இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

நிறுவனங்களின் தொழில் தொடர்ச்சியும் பேரிடர் மீட்பும் இன்றைய உரையின் பொருள்.

2017 ஜூன் 27 பிற்பகல். கோபன்ஹேகனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கணினித் திரைகள் வரிசையாகக் கறுத்துப்போயின. கணினிகளின் இணைப்பைப் பிடுங்கச் சொல்லி ஊழியர்கள் அறைக்கு அறை ஓடினார்கள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. உக்ரைனில் வரிக் கணக்கு தாக்கல் செய்யப் பலரும் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக 'நாட்பெட்யா' என்ற நாசநிரல் பரவியிருந்தது. மெர்ஸ்க்கின் ஒடேசா அலுவலகத்தில் ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருந்தது. உலகக் கன்டெய்னர் கப்பல் கொள்ளளவில் அப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கையாண்ட நிறுவனத்துக்குள் நுழைய அந்த ஒரு வாசல் போதுமானதாக இருந்தது.

பார்வைக்கு அது பணம் பறிக்கும் ரான்சம்வேர். உள்ளே அது அழிப்பதற்காகவே எழுதப்பட்டது. பணம் கட்டியவர்களுக்கும் கோப்புகள் திரும்பவில்லை. மெர்ஸ்க் குழுமம் நடத்திய 76 துறைமுக முனையங்களில் 17 முடங்கின. எந்தக் கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது, அது எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல், துறைமுக வாசல்களில் லாரிகள் மைல்கணக்கில் நின்றன. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த முனையமும் தப்பவில்லை.

மெர்ஸ்க்கிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. பெரும்பாலான சர்வர்களின் தரவு வேறிடத்தில் பத்திரமாகவே இருந்தது. ஒரு வகை சர்வருக்கு மட்டும் தனிப் பேக்கப் கிடையாது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம், எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவை. உலகம் முழுக்க சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் நகலைத் தன்னிடம் வைத்திருந்தது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதுதான் ஏற்பாடு. அந்த 150-உம் ஒரே நேரத்தில் போகும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அவை திரும்பாமல் மற்ற எந்தப் பேக்கப்பையும் உயிர்ப்பிக்க வழியில்லை.

ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதலுக்குச் சற்று முன்பு கரண்ட் போயிருந்தது. அதனால் அங்கிருந்த சர்வர் நெட்வொர்க்கிலிருந்து அறுந்து கிடந்தது. அதிலிருந்த தரவை இணையம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்ப அங்கே இணைப்பின் வேகம் போதவில்லை. நேரில் கொண்டுவரலாமென்றால் கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்டு டிஸ்க்குடன் நைஜீரியாவுக்குப் பறந்தார்; விமான நிலையத்தில் அதைச் சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார்; அவர் லண்டன் விமானம் ஏறினார். அந்த டிஸ்க் வந்த பிறகுதான், மெய்டன்ஹெட் நகரில் திரண்டிருந்த மீட்புக் குழு அஸ்திவாரம் போட முடிந்தது. பத்து நாள்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் 2,500 செயலிகளும் புதிதாக நிறுவப்பட்டன என்று நிறுவனத் தலைவர் ஜிம் ஹாகமன் ஸ்னாபே மறு ஆண்டு டாவோஸ் கூட்டத்தில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து எழும் ஒரே கேள்வியைத்தான் இந்த உரை தொடர்கிறது. நிறுவனங்களுக்கு எதிலும் இரண்டு வைத்துக்கொள்ளத் தெரியும். இரண்டு சர்வர், இரண்டு ஜெனரேட்டர், இரண்டு இணைய இணைப்பு. முதலாவதை வீழ்த்தும் காரணம் இரண்டாவதையும் சேர்த்து வீழ்த்துமா என்று கேட்டுப் பார்த்த நிறுவனங்கள் மிகக் குறைவு. பேரிடருக்குப் பிறகு எழுந்து நின்றவர்களையும் விழுந்து கிடந்தவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

திட்டம் என்றால் என்ன

தொழில் தொடர்ச்சித் திட்டம் என்ற பெயரில் பல நிறுவனங்களிலும் ஒரு கோப்பு இருக்கும். இதற்கென உலகத் தர நிர்ணய அமைப்பு 2012-ல் ஐ.எஸ்.ஓ. 22301 என்ற தரத்தை வெளியிட்டது. 2019-ல் அதைத் திருத்தியது. அதன் சாரத்தை நான்கு கேள்விகளில் அடக்கிவிடலாம். எந்த வேலை நின்றால் நிறுவனமே நின்றுபோகும்? அந்த வேலை எத்தனை மணி நேரம் நிற்கலாம்? எத்தனை மணி நேரத்துத் தரவை இழந்தால் தாங்கும்? அந்த வேலை எந்தெந்த ஆள், இடம், இயந்திரம், சப்ளையரை நம்பி நடக்கிறது?

முதல் மூன்றுக்கும் கூட்டம் போட்டு விடை எழுதிவிடலாம். நான்காவது அப்படியல்ல. கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது, பம்ப் எந்தத் தளத்தில் இருக்கிறது, பாஸ்வேர்டு யார் மனதில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்தால்தான் அது தெரியும். பேரிடர் மீட்பு என்பது இந்தப் பெரிய திட்டத்தின் ஒரு கிளை. கணினியும் தரவும் திரும்ப எழுவது பற்றியது. கணினி எழுந்தும் ஆள் வரமுடியவில்லை என்றால் நிறுவனம் எழவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கீழ் மன்ஹாட்டன், 2001

நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில், 2001 தாக்குதலுக்கு முன்பு, 1993-லேயே ஒரு குண்டுவெடிப்பு நடந்தது. அந்தப் பாடத்தைச் சிலர் படித்தார்கள், சிலர் படிக்கவில்லை.

காப்பி, சர்க்கரை, கோகோ, பருத்தி ஆகியவற்றின் முன்பேர வணிகத்தை நடத்திய நியூயார்க் போர்டு ஆஃப் டிரேடு அந்த வளாகத்தின் நான்காம் எண் கட்டடத்தில் இயங்கியது. 1993 அனுபவத்துக்குப் பிறகு ஆற்றுக்கு அப்பால் குவீன்ஸ் பகுதியில் ஒரு மாற்று வணிகக் கூடத்தை அமைத்தது. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டாலர் செலவு. ஆண்டுகள் ஓடின, அந்தக் கூடம் காலியாகவே கிடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் மன்ஹாட்டன் கூடம் இடிபாடுகளில் புதைந்தது. செப்டம்பர் 17 அன்று குவீன்ஸில் வணிகம் தொடங்கியது. இடம் சிறியது, அதனால் பொருளுக்குப் பொருள் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு வணிகர்கள் நின்றார்கள். சந்தை நடந்தது.

மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கார்லா 1993-க்குப் பிறகு ஊழியர்களைத் திரும்பத் திரும்பப் படிக்கட்டு வழியாக இறக்கி ஒத்திகை பார்த்தவர். வியாபாரத்தை நிறுத்திவிட்டு இறங்க வேண்டியிருப்பதாக மேலதிகாரிகள் சலித்துக்கொண்டும் அவர் விடவில்லை. செப்டம்பர் 11 அன்று தெற்குக் கோபுரத்தில் இருந்த சுமார் 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் இறங்கித் தப்பினார்கள். எஞ்சியவர்களைத் தேடி மேலே ஏறிய ரெஸ்கார்லா திரும்பவில்லை.

நகர நிர்வாகத்தின் கதை வேறு. நியூயார்க் மாநகரம் தன் அவசரகாலக் கட்டுப்பாட்டு மையத்தை 1999-ல் அதே வளாகத்தின் ஏழாம் எண் கட்டடத்தின் 23-ஆம் மாடியில் திறந்திருந்தது. நகரத்தில் ஏற்கெனவே ஒருமுறை தாக்கப்பட்ட வளாகம் அது. மையம் மிகவும் தேவைப்பட்ட அதே நாளில் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மாலையில் கட்டடமே சரிந்தது. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பையர் 92 என்ற துறைமேடை அவர்களுக்குக் கைகொடுத்தது. மறுநாள், செப்டம்பர் 12 அன்று, நடக்கவிருந்த உயிரியல் தாக்குதல் ஒத்திகை ஒன்றுக்காக அங்கே ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

தொலைபேசி இணைப்புகளில் வெளிப்பட்டது இன்னும் நுட்பமான பாடம். பல நிதி நிறுவனங்கள் ஒன்று அறுந்தால் மற்றது என்று இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தன. இரண்டும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரே வெரைசான் கட்டடத்தின் வழியாக ஓடின என்பது அந்தக் கட்டடம் சேதமடைந்த பிறகே தெரிந்தது. பில் இரண்டு, பாதை ஒன்று. பத்திரச் சந்தையின் இதயமான சில வங்கிகள் நாள்கணக்கில் திணறின. 2003-ல் அமெரிக்க மத்திய வங்கியும் பிற கட்டுப்பாட்டு அமைப்புகளும், மாற்று மையம் முதன்மை மையத்தின் போக்குவரத்தையும் தொலைத்தொடர்பையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் சார்ந்திருக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டன.

ஒரே கூரை, ஒரே நெட்வொர்க்

இருபது ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து முடிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. லட்சக்கணக்கான இணையதளங்கள் மறைந்தன. தனியாகப் பணம் கட்டி பேக்கப் வாங்கியிருந்த வாடிக்கையாளர்கள் சிலர் நிம்மதியாக இருந்தார்கள். அவர்களுடைய பேக்கப்பும் அதே இடத்தில் எரிந்துபோனது பிறகே தெரிந்தது. வீட்டுச் சாவியின் மறுசாவியை அதே வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியது போன்ற நிலை அது. பாதிக்கப்பட்ட ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2023-ல் பிரெஞ்சு வணிக நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தென்கொரியாவில் இன்னும் பெரிதாக நடந்தது. 2025 செப்டம்பர் 26 இரவு, டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பற்றியது. 600-க்கும் மேற்பட்ட அரசு கணினிச் சேவைகள் நின்றன. அஞ்சல், அடையாளச் சான்று, குடிமக்கள் சேவை என எல்லாமே அதில் அடக்கம். பெரும்பாலானவை படிப்படியாகத் திரும்பின. ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் திரும்பவில்லை. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த அந்தச் சேமிப்பகத்தில் 858 டெராபைட் தரவு இருந்தது. அதற்கு வெளியே எங்கும் பேக்கப் கிடையாது; அவ்வளவு பெரிய கொள்ளளவுக்கு வெளிப் பேக்கப் வைக்க முடியவில்லை என்பதே விளக்கமாகச் சொல்லப்பட்டது. கோப்புகளைத் தனிக் கணினியில் வைக்காமல் இதில் மட்டுமே வைக்க வேண்டும் என்ற விதியைக் கறாராகப் பின்பற்றிய அமைச்சகத்துக்குத்தான் மிகப் பெரிய இழப்பு. இணைய வேகத்திலும் மின் ஆளுகையிலும் உலகுக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படும் நாடு அது.

நமக்கு மிக அருகில், இலங்கையில், கட்டடம் எதுவும் எரியவில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று லங்கா கவர்ன்மென்ட் கிளவுடு என்ற அரசு மேகக் கணினி அமைப்பு ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பேக்கப் இருந்தது, அதுவும் அதே நெட்வொர்க்கில் இணைந்திருந்ததால் அதையும் நிரல் பூட்டிவிட்டது. இணைப்பறுத்து வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பவே இல்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அரசுக் கடிதப் போக்குவரத்து. எந்த விண்ணப்பத்துக்கு என்ன பதில் போயிற்று என்பதை அரசும் அறிய முடியாது. விண்ணப்பித்த குடிமகனும் நிரூபிக்க முடியாது.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூரை ஒன்று. கொழும்பில் நெட்வொர்க் ஒன்று. டேஜானில் இரண்டாவது பிரதியே இல்லை. 2011-ல் புகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர டீசல் ஜெனரேட்டர்கள் 13 இருந்தன. பெரும்பாலானவை அடித்தளத்தில். சுனாமிக்குப் பிறகு மின்சாரம் கொடுத்தது ஒன்றே ஒன்று. பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் பாதுகாப்பாகாது என்பதற்கு அதைவிடக் கடுமையான சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு எதிரான சாட்சி டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் ரான்சம்வேரால் பூட்டப்பட்டன. புறநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, பில் எல்லாம் ஏறத்தாழ இரண்டு வாரம் கையால் எழுதப்பட்டன. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் என்ற மருத்துவமனை மென்பொருளின் தரவு முழுவதும் மீட்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பேனாவும் காகிதமும் கொண்டு வேலை செய்யத் தெரிந்த ஊழியர்கள் இருந்ததால் அந்த இரண்டு வாரமும் மருத்துவமனை மூடப்படவில்லை.

எடுத்துப் பார்த்ததுண்டா?

பிரதி வேறிடத்தில் இருந்தாலும் அது பிரதிதானா என்பது அடுத்த கேள்வி. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று இந்தக் கேள்வி வந்தது. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், களைத்திருந்த பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் கொடுப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபி தரவு அதற்குள் போய்விட்டது.

பதற்றப்பட வேண்டியதில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அன்றாடப் பேக்கப் கோப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தள மென்பொருளின் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாமல் பல நாள்களாக அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களோ பாதுகாப்பு அமைப்பால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஐந்தில் எதுவும் உதவவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து மீட்டார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 பயனர் கணக்குகளும் போயின.

அதன்பின் கிட்லேப் செய்தது பாராட்டுக்குரியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. என்ன தவறு, எங்கே தவறு என்று விரிவான அறிக்கை வெளியிட்டது. பொறியாளரைத் தண்டிப்பதை விட்டுவிட்டு, பேக்கப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று ஒருவரையும் நியமிக்காததே குறை என்று எழுதியது.

இந்தியாவில் இந்தப் பாடத்தைப் பங்குச்சந்தை படித்தது. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு. மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச்சந்தையின் பேரிடர் மீட்பு மையம் சென்னையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 காலை 11.40-க்கு மும்பையில் தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் வணிகம் நின்றது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்புகள் வாங்கி வைத்திருந்தும் பயனில்லாமல் போயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை மையம் நன்றாகவே இருந்தது. ஆனால் வணிகம் அங்கே மாற்றப்படவில்லை. மாலை 3.45-க்கு மும்பையிலேயே மீண்டும் தொடங்கி 5 மணிவரை நீட்டித்தார்கள். நான்கு மணி நேரம் முதலீட்டாளர்கள் வாங்கவும் விற்கவும் வழியின்றிக் காத்திருந்தார்கள்.

மையம் இருந்தது; மாறுவது என்று முடிவெடுக்கும் துணிவைத் தரும் பழக்கம் இல்லை. பங்குச்சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி அடுத்த மாதமே விதியை இறுக்கியது. கோளாறு ஏற்பட்ட 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீட்பு மையத்திலிருந்து வணிகம் நடக்க வேண்டும். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரு சனிக்கிழமைகளில் சந்தை இதற்காகவே திறந்தது. காலை 9.15 முதல் 10 மணிவரை முதன்மை மையத்திலிருந்தும் பிறகு மீட்பு மையத்திலிருந்தும் உண்மையான பணத்தில் உண்மையான வணிகம் நடந்தது. எல்லோரும் பார்க்கும்படி நடந்த ஒத்திகை அது.

சென்னை, 2015 டிசம்பர்

டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை மீறியது. விமான நிலைய ஓடுதளத்தில் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை, 1878 முதல் வெளிவரும் 'தி இந்து' நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. மறைமலை நகரில் உள்ள அச்சகம் மூழ்கவில்லை. ஊழியர்கள் அங்கே போய்ச்சேரச் சாலை இல்லை. இயந்திரம், காகிதம், மை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் மாற்று யோசிக்கிற நிறுவனங்கள், வேலைக்கு வரும் பாதைக்கு மாற்று யோசிப்பது அரிது.

அதே இரவுகளில் ஆற்றையொட்டிய ஒரு தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரமும் ஜெனரேட்டரும் நின்றன. அங்கிருந்த 18 நோயாளிகள் இறந்தார்கள். எத்தனை மரணங்களுக்கு மின்தடை நேரடிக் காரணம் என்பதில் மருத்துவமனையும் உறவினர்களும் வேறுபட்டார்கள். ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து இந்த நகரத்துக்கு உயிர்க் கேள்வி. ஜெனரேட்டரை மேலே ஏற்றினாலும் போதாது. 2012-ல் சாண்டி புயலின்போது நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்களும் தேசியக் காவல்படையினரும் படிக்கட்டுகளில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். கடைசியில் சுமார் 700 நோயாளிகளையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சென்னை வெள்ளத்தில் கைகொடுத்த மாற்றுகளும் உண்டு. விமான நிலையம் மூடிக்கிடந்தபோது அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி விமானத் தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் முக்கிய வேலைகளைப் பெங்களூரு போன்ற நகரங்களில் இருந்த குழுக்களிடம் மாற்றின; ஊழியர்கள் பலரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பின. வாடிக்கையாளர் ஒப்பந்தமே தொடர்ச்சித் திட்டத்தைக் கேட்கிறது என்பதால் அவர்களிடம் அது தயாராக இருந்தது. நோயாளிக்கும் ரேஷன் அட்டைதாரருக்கும் அப்படிக் கேட்க ஒப்பந்தம் எதுவும் இல்லை.

மனிதர் என்ற பிரதி

கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பத்திர வணிக நிறுவனம் 2001 செப்டம்பர் 11 அன்று 658 ஊழியர்களை இழந்தது. நியூயார்க் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். நியூஜெர்சியில் தரவுப் பிரதி இருந்தது. லண்டனில் அலுவலகம் இருந்தது. இரண்டு நாளில் பத்திரச் சந்தை திறக்கும். ஆனால் கணினிகளின் பாஸ்வேர்டுகளை அறிந்தவர்கள் இறந்துவிட்டிருந்தார்கள். துக்கத்தில் இருந்த குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்து, திருமண நாள், படித்த கல்லூரி, செல்லப் பிராணியின் பெயர் என்று கேட்டு, அவற்றிலிருந்து பாஸ்வேர்டுகளை ஊகிக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 13 அன்று நிறுவனம் வணிகத்தில் இருந்தது. ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் அறிவைப் பத்திரமாகப் பகிர்ந்து வைக்காததன் விலையை, யாரும் கேட்கக்கூடாத அந்தக் கேள்விகளால் கொடுத்தார்கள்.

உறவுகளும் ஒரு மாற்று ஏற்பாடுதான். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி தொழிற்சாலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் அழுத்தத்தைச் சீராக்கும் ஒரு சிறிய வால்வு ஏறத்தாழ முழுக்க முழுக்க அங்கேதான் தயாரானது. டொயோட்டாவிடம் சில மணி நேரத்துக்கான இருப்புதான் இருந்தது, ஆலைகள் நின்றன. தீப்பிடித்த சில மணி நேரத்திலேயே ஐசின் தன் வரைபடங்களை எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கியது. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம் உட்படப் பல பட்டறைகள் விலையோ ஒப்பந்தமோ பேசாமலே வால்வு கடையத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் டொயோட்டா வரிசைகள் ஓடின. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தது பெரிய பிழை. அந்தப் பிழையிலிருந்து மீட்டது, பல ஆண்டுகளாகச் சிறிய சப்ளையர்களை மதித்து நடத்திய பழக்கம். நெருக்கடி வந்த பிறகு அந்த உறவை விலைக்கு வாங்க முடியாது.

செலவும் கணக்கும்

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. எல்லா நிறுவனமும் இரண்டாவது தரவு மையம் கட்ட முடியாது, கட்டவும் தேவையில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஐம்பது படுக்கை மருத்துவமனைக்கோ வேண்டியவை எளியவை: தரவின் மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில், ஒன்று எந்த நெட்வொர்க்கிலும் இணையாமல். ஜெனரேட்டரும் அதன் டீசல் பம்பும் வெள்ளம் ஏறாத உயரத்தில். சர்வர் இல்லாத ஒரு நாளை ஓட்ட அச்சடித்த படிவங்கள். அலுவலகத்துக்கு வெளியேயும் கிடைக்கும்படி, காகிதத்தில், தொலைபேசி எண்கள். ஒவ்வொரு முக்கிய வேலையையும் தெரிந்த இரண்டாவது ஆள். ஆண்டுக்கு இருமுறை பேக்கப்பிலிருந்து முழுமையாக எடுத்து ஓட்டிப் பார்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இவற்றில் விலை உயர்ந்தது கடைசி. அதற்கு ஆகும் பணம் குறைவு. ஆனால் தோல்வி வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் அதிகம். ஒத்திகை தோற்றால் அதிகாரிக்குக் கெட்ட பெயர். பார்க்காமலே விட்டால் யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும். ஒத்திகையில் ஓட்டை கண்டுபிடித்தவரைப் பாராட்டும் நிர்வாகம் இருந்தால்தான் ஓட்டைகள் வெளிவரும்.

பங்குச்சந்தைக்குச் செபி கேட்பதை மக்கள் சார்ந்திருக்கும் மற்ற நிறுவனங்களிடமும் கேட்கலாம். அரசு மருத்துவமனைகள், பெரிய தனியார் மருத்துவமனைகள், கூட்டுறவு வங்கிகள், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுகள், பத்திரப் பதிவுத் துறை, குடிநீர் வாரியங்கள் ஆகியவை ஆண்டறிக்கையில் மூன்று விவரங்களை வெளியிட வேண்டும். பேக்கப்பிலிருந்து கடைசியாக முழு மீட்பு நடத்திப் பார்த்த தேதி; அதற்கு ஆன மணி நேரம்; திரும்பி வராத தரவின் அளவு. கடவுச்சொல்லோ சர்வரின் முகவரியோ இதில் இல்லை. தாக்குபவர்களுக்குப் பயன்படும் எதுவும் இல்லை. நோயாளிகள் நலச் சங்கமும் பங்குதாரரும் உள்ளாட்சி உறுப்பினரும் செய்தியாளரும் அடுத்த ஆண்டு அதே மூன்று விவரங்களைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். தேதி காலியாக இருந்தால் அதுவும் ஒரு விவரம்தான்.

இதைத் தொடங்கப் புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆட்சிக்குழுவோ நிர்வாகக் குழுவோ ஒரு தீர்மானம் போட்டால் நடக்கும். மாணவர்கள் தாங்கள் படிக்கும் கல்லூரியின் தேர்வுப் பிரிவிலிருந்தே இதைக் கேட்கத் தொடங்கலாம். கணினித் துறை ஆசிரியர்கள் முதல் மீட்பு ஒத்திகையை அவர்களைக் கொண்டே நடத்தலாம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. ஆகவே முதல் ஒத்திகைக்குச் செப்டம்பர் ஏற்ற மாதம்.